முள் விழுந்த இடம்

அண்ணி குப்பை டின்னுக்குள் தலையை விட்டிருந்தார்.

ஒரு மனிதரை நேற்றுக் காலையிலிருந்து காணவில்லை. அவர் கார் மட்டும் மலைப்பாதையில் அநாதையாக நிற்கிறது. போலீஸ்காரர்கள் இடுப்பில் கயிறு கட்டிப் பள்ளத்தில் இறங்கிக்கொண்டிருக்கிறார்கள். அவருடைய மனைவி எங்கள் எதிரிலேயே நின்று அழுகையை அடக்கிக்கொண்டிருக்கிறார். இந்த நேரத்தில் என் அண்ணி அந்த வீட்டுக் கார் ஷெட்டில் உட்கார்ந்து எண்ணெய்க் குப்பையைக் கிளறினால், பார்க்கிற எனக்கு எப்படி இருக்கும்?

எங்கள் வீட்டு ஏற்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். அண்ணி பல வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக நசுங்கிய வண்டிகளைப் பார்த்து, பொய் எது, மெய் எது என்று பிரித்தவர். இப்போது அதையே சொந்தத் தொழிலாக்கிக்கொண்டார். அண்ணன் வீட்டில் சமைக்கிறார். நான் ஸ்கூட்டர் ஓட்டுகிறேன், கேள்வி கேட்கிறேன், திட்டு வாங்குகிறேன். எனக்குச் சம்பளம் உண்டு என்று ஊரில் ஒரு வதந்தி இருக்கிறது.

"அண்ணி, ஆள் அதுக்குள்ள இருக்க வாய்ப்பு கம்மி," என்றேன்.

"வாயை மூடிட்டு அந்தப் பேப்பரை விரிங்க, கொழுந்தனாரே."

விரித்தேன். டின்னைக் கவிழ்த்தார். கறுத்த துணிகள், புது ஃபில்டர் வந்த அட்டைப்பெட்டி, எண்ணெய் ஊறிய பழைய ஃபில்டர், ஒரு செம்பு வாஷர். அண்ணி ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். அட்டைப்பெட்டியைக் கிழித்து உள்ளேயும் பார்த்தார்.

"இருக்க வேண்டியது ஒண்ணு இல்ல," என்றார்.

"என்னது?"

"பழைய ரப்பர் வளையம். எண்ணெயை வடிகட்டுற ஃபில்டர் ஒரு இரும்புக் கிண்ணத்துக்குள்ள இருக்கும். அந்தக் கிண்ணத்துக்கு மேல, எண்ணெய் கசியாம இருக்க ஒரு வளையம் வரும். புதுசு போட்டா பழசு குப்பைக்கு வரணும். வரலைன்னா அது இன்னும் வண்டியிலயே இருக்குன்னு அர்த்தம். டீச்சர், இந்தத் தடவை சர்வீஸ் பண்ணது யாரு?"

காணாமல் போனவரின் மனைவியை ஊரே டீச்சர் என்றுதான் கூப்பிடும். கணக்கு டீச்சர். அவர் கணவர் ஸ்டுடியோக்காரர். பாதி ஊரின் கல்யாண போட்டோவில் அவர் நிழல் விழுந்திருக்கும். டீச்சர் தேடுகிறவர்களுக்குக் கொடுத்தனுப்பக் குடத்திலிருந்து பாட்டில்களில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். பாட்டில் வாயைத் தப்பிப் பாதித் தண்ணீர் தரையில் போனது.

"சனியன், புனலைக் கூட நேத்துல இருந்து காணோம்," என்று முனகிவிட்டுச் சொன்னார். "அவருக்குக் கை நடுக்கம் வந்துருச்சும்மா. டாக்டர்கிட்ட போயிருந்தார். அவர் இல்லாதப்போ பையன்தான் பண்ணான். முதல் தடவை. அப்பா மெச்சணும்னு அவ்வளவு ஆசை அவனுக்கு."

"வண்டி எடுக்கும்போது சார் எப்பவும் என்ன செய்வார்?"

"முள்ளைப் பார்ப்பார்." டீச்சர் பாட்டிலைக் கீழே வைத்தார். "ஸ்டார்ட் பண்ணிட்டு, ஆயில் பிரஷர் முள் ஏறுற வரைக்கும் கியரைத் தொட மாட்டார். எனக்குப் பிரசவ வலி. பின் சீட்டுல கிடந்து கத்துறேன். இந்த மனுஷன், 'கொஞ்சம் பொறும்மா, முள் ஏறட்டும்'ங்கிறார்! அன்னைக்கே சொல்லிட்டேன், இது வண்டி இல்ல, எனக்கு வந்த சக்களத்தின்னு. அன்னைக்குப் பிறந்தவன்தான் என் பையன். அவன் அதைச் சின்னம்மான்னுதான் கூப்பிடுவான்."

சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. ஜன்னலோரத்தில் இருந்த மாத்திரை டப்பாவை எடுத்துக் காட்டினார். "நெஞ்சுக்குப் போடுற மாத்திரை. வேளைக்குப் போட்டே ஆகணும். சும்மா கீழ வரைக்கும் ஓட்டிப் பாத்துட்டு வர்றேன்னு இதைக் கூட எடுக்காமப் போனார். மழை வந்தா தேடுறதை நிறுத்திருவோம்னு இன்ஸ்பெக்டர் சொல்றார். மேல பாருங்க."

பார்த்தேன். வானம் கறுத்துக் கிடந்தது. எனக்கு வாயில் வந்த ஜோக் எதுவும் வெளியே வரவில்லை.

முள்ளைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இன்ஜினுக்குள் எண்ணெய் சரியான அழுத்தத்தோடு ஓடுகிறதா என்று காட்டுவது அது. விழுந்தால் அந்த நொடியே வண்டியை அணைத்துவிட வேண்டும். அணைக்காமல் ஓட்டினால் இரும்போடு இரும்பு உரசி, காய்ந்து, கடைசியில் ஒன்றையொன்று கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் அந்த இன்ஜினைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குத்தான் போட முடியும்.

டீச்சரையும் ஏற்றிக்கொண்டு மூன்று பேராக ஸ்கூட்டரில் மலைப்பாதையில் இறங்கினோம். இன்ஸ்பெக்டர் அதற்கு அபராதம் போடவில்லை. அதிலிருந்தே அவருக்கு நம்பிக்கை போய்விட்டது என்று தெரிந்தது.

உருண்டை விளக்கும் கறுப்பு மினுமினுப்புமாக, மேட்டைப் பார்த்தபடி கார் நின்றது. பக்கத்தில் பள்ளத்துப் பக்கக் கைப்பிடிச்சுவர் உடைந்திருந்தது. அதன் வழியாகக் கயிறுகள் தொங்கின.

"எனக்குத் தெரிஞ்சு இவ்வளவுதான் மேடம்," என்றார் இன்ஸ்பெக்டர், டீச்சர் காதில் விழாத குரலில். "கடைசியா பையனுக்கு போன் பண்ணி, லேட்டாகும்னு சொல்லியிருக்கார். ஆயில் போய் இன்ஜின் இறுகி சீஸ் ஆயிருக்கு. இறங்கிப் பாத்திருக்கார். நெஞ்சு வலி. சுவர் வேற உடைஞ்சிருக்கு. இனிமே... உடம்பு கிடைச்சாப் போதும்."

அண்ணி தரையில் படுத்துக் காருக்கு அடியில் பார்த்தார். எழுந்து முழங்கையைத் தட்டிக்கொண்டார்.

"தரையில ஒரு சொட்டு ஆயில் இல்ல. ஆனா வண்டியோட அடிவயிறு பூரா எண்ணெய். அப்போ ஆயில் வேற எங்கயோ போயிருக்கு."

"வர்ற வழியில போயிருக்கும்."

"சரி. முள் பூஜ்யத்துல கிடக்க, ஆயிலே இல்லாம, இந்த ஏத்தத்துல ஓட்டிட்டு வந்தது யாரு? பொண்டாட்டி பிரசவ வலியில துடிக்கும்போதே முள் ஏறாம வண்டிய எடுக்காத மனுஷனா?"

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "அப்போ திருடன்."

"திருடன் ரொம்ப நல்லவன் போல," என்றேன் நான். பின் சக்கரத்தைக் காட்டினேன். சக்கரத்துக்குப் பின்னால் ஒரு பெரிய கல் முட்டுக் கொடுக்கப்பட்டிருந்தது. "ஓடாத வண்டியை விட்டுட்டு ஓடுறவன், அது உருண்டு போகாம இருக்கக் கல்லு வச்சுட்டா ஓடுவான்?"

அண்ணி என்னைப் பார்த்தார். வருடத்துக்கு ஒருமுறை கிடைக்கிற பார்வை அது. "நல்லாக் கேட்டீங்க. டீச்சர், இந்த வண்டியில ஹேண்ட் பிரேக் எப்படி?"

"பிடிக்கவே பிடிக்காது. அதுக்குன்னு ஒரு மரக்கட்டை செஞ்சு, சிவப்புப் பெயின்ட் அடிச்சு வச்சிருக்கார். நிறுத்தினா முதல் வேலை கட்டை போடுறதுதான். கல்லெல்லாம் வைக்க மாட்டார்."

காரில் சிவப்புக் கட்டை இல்லை. பின் சீட்டில் ஸ்பேனர்கள் வைக்கும் துணிச் சுருள் கிடந்தது. கேமரா லென்ஸைத் துடைக்கிறவரின் கை தெரிந்தது, எல்லா ஸ்பேனரும் பளபளத்தன. ஒன்று மட்டும் எண்ணெய் வழியச் சுருளுக்கு வெளியே கிடந்தது. நான் முன் சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினேன். ஏதோ தட்டுப்பட, வெளியே இழுத்தேன்.

நீல நிறப் பிளாஸ்டிக் புனல்.

"இது என் புனல்," என்றார் டீச்சர்.

அப்போதுதான் கீழ்வளைவிலிருந்து ஒருவன் ஏறி வந்தான். பேன்ட் முழுக்க முள், உதடு வெடித்திருந்தது, கண்ணில் தூக்கம் போன சிவப்பு. டீச்சரின் மகன்.

"இவனை எத்தனை தடவைதான் கூப்பிடுறது?" என்று இன்ஸ்பெக்டர் அலுத்துக்கொண்டார். "நாங்க இங்க தேடுறோம். இவன் பைத்தியம் மாதிரி கீழ கீழ ஓடுறான்."

"பைத்தியம் இல்ல," என்றார் அண்ணி. "இங்க இருக்கிறவங்கள்ல சரியான இடத்துல தேடுற ஒரே ஆள் அவர்தான். இல்லையா தம்பி?"

மகன் புனலைப் பார்த்தான். பிறகு அம்மாவைப் பார்த்தான். அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டான்.

"அப்பா போன் பண்ணாரும்மா. முள் விழுந்துருச்சு, அணைச்சுட்டேன், ஒரு டின் ஆயில் எடுத்துட்டு வான்னாரு. பைக்ல போனேன். வண்டி நிக்குது, அவரைக் காணோம். கத்திக் கத்திக் கூப்பிட்டேன். போனும் போகல. கோபத்துல பஸ் ஏறிப் போயிட்டாருன்னு நினைச்சேன். சர்வீஸ் பண்ணது நான். என் தப்பாலதான் லீக்குன்னு தெரிஞ்சுது. அவர் பாக்குறதுக்குள்ள வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சரி பண்ணிடலாம்னு ஆயிலை ஊத்தி ஸ்டார்ட் பண்ணேன். முள் ஏறல. ஏறிடும் ஏறிடும்னு அதையே பாத்துக்கிட்டு ஓட்டினேன். இங்க வந்ததும் ஒரே ஒரு சத்தம். அவ்வளவுதான். அப்புறம் அசையல."

"ஏன்டா சொல்லல?" என்றார் டீச்சர்.

"சின்னம்மாவக் கொன்னுட்டேன்னு எப்படிம்மா சொல்றது? சாயங்காலம் வந்துருவாரு, அவர் கால்ல விழுந்து சொல்லிக்கலாம்னு இருந்தேன். வரல. அதுக்குள்ள போலீஸ் இங்க கயிறு கட்டிட்டாங்க. இனிமே சொன்னா, நானே ஏதோ பண்ணிட்டேன்னு நினைப்பாங்கன்னு பயந்துட்டேன். அதான் ராத்திரி பூரா அங்க நானே பள்ளத்துல இறங்கித் தேடினேன். ஒரு புதர் விடல. அவர் இல்லம்மா அங்க."

டீச்சர் கையை ஓங்கினார். ஓங்கிய கை அவன் தலைமேல் இறங்கி அங்கேயே நின்றது. "உங்கப்பா ஒரு நாள் கூட உன்னை அடிச்சதில்லையேடா. அவர்கிட்டயா பயந்தே?" என்றார்.

ஒரு பெரிய மழைத்துளி என் மூக்கில் விழுந்தது.

"அழுறது அப்புறம்," என்றார் அண்ணி. "தம்பி, இந்த எண்ணெய் ஸ்பேனர் எங்க இருந்துச்சு?"

"ரோட்டுல கிடந்துச்சு. எடுத்து உள்ள போட்டேன்."

"நீங்க ஆயில் ஊத்தியும் முள் ஏன் ஏறலன்னு தெரியுமா? வண்டியில ஃபில்டர் கிண்ணமே இல்ல. ஊத்தினதெல்லாம் அந்த ஓட்டை வழியா ரோட்டுக்குப் போயிருச்சு."

"கழண்டு விழுந்திருக்கும்," என்றார் இன்ஸ்பெக்டர்.

"கழண்டு விழல சார், அவரே கழட்டியிருக்கார். பையன் வர்றதுக்குள்ள எங்க லீக்குன்னு பாக்கலாம்னு அந்த ஸ்பேனரை எடுத்திருக்கார். பழைய வளையம் காய்ஞ்சு போய் இரும்போட இரும்பா ஒட்டிக் கிடக்கும். புதுசாச் செய்யுறவங்க கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. அது மேலயே இன்னொண்ணைப் போட்டுருவாங்க. ரெண்டு வளையம் நிக்காது, பிதுங்கிரும். சரி, அதைக் கண்டுபிடிச்சவர் ஸ்பேனரைத் துடைக்காம நடுரோட்டுல போட்டுட்டு எங்க போனார்? ஒரு தடவை கூடத் துடைக்காம வைக்காதவர்! எதையோ பிடிக்க ஓடியிருக்கார். வண்டிய எடுங்க, கொழுந்தனாரே. இன்ஸ்பெக்டர், கயிறு, ஆள், ஜீப், எல்லாம் கீழ வரட்டும்!"

இரண்டு வளைவு கீழே அந்த இடம் இருந்தது. ரோட்டில் அகலமாக எண்ணெய்க் கறை. அதன் விளிம்பில் ஒரு சிவப்புக் கட்டை. மகன் வண்டியை முன்னால் எடுத்தபோது பின்னால் தங்கிவிட்டது. பெயின்ட் அடித்த ஒரு மரத்துண்டைப் பார்த்து டீச்சர் விம்மியதை நான் மறக்க மாட்டேன். ஓடிப்போய் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

போலீஸ்காரர்கள் இறங்கியதும் நேரே பள்ளத்துப் பக்கம் போனார்கள். மகனும் அங்கேதான் ஓடினான். "அப்பா!" என்று அவன் கத்தியது எதிர்மலையில் மோதித் திரும்பி வந்தது. துளிகள் வலுத்தன. எனக்கு நம்பிக்கை போய்க்கொண்டிருந்தது. அவ்வளவு ஆழப் பள்ளம், ஒரு முழு இரவு, மாத்திரை இல்லாத நெஞ்சு. கணக்கு டீச்சருக்கு இந்தக் கணக்கு எனக்கு முன்பே தெரிந்திருக்கும்.

அண்ணி மட்டும் பள்ளத்துக்கு முதுகைக் காட்டி நின்றார்.

"எல்லாரும் ஏன் அந்தப் பக்கமே பாக்குறீங்க? கொழுந்தனாரே, உங்க சாப்பாட்டு டப்பாவைக் கொடுங்க."

"இப்பவா பசிக்குது?"

"கொடுங்கன்னா!"

அண்ணன் கட்டிக்கொடுத்த வட்ட எவர்சில்வர் டப்பா. அதை வாங்கி, எண்ணெய்க் கறை நடுவில் பக்கவாட்டில் நிறுத்தினார். "இன்ஜின் சூடு. கிண்ணம் நிறையக் கொதிக்கிற எண்ணெய். கையில நடுக்கம். கழட்டினதும் கை வெந்திருக்கும், கிண்ணத்தை விட்டிருப்பார். விழுந்தது எந்தப் பக்கம் உருளும்?"

"பள்ளத்துப் பக்கம்தான்," என்றார் இன்ஸ்பெக்டர்.

அண்ணி விரலை எடுத்தார்.

டப்பா ஒரு கணம் தயங்கியது. பிறகு, பள்ளத்தை விட்டு விலகி, மலைச்சுவரைப் பார்த்து உருண்டது. மலை ரோட்டை உள்பக்கம் சாய்த்துத்தான் போடுவார்கள், மழைத்தண்ணீர் சுவரோரக் கால்வாய்க்குப் போவதற்காக. தினமும் அதில் போய்வருகிற எங்களில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. மனிதன் விழுந்தால் பள்ளத்தில்தான் விழுவான் என்று மனது சொல்கிறது. கண் அதைத் தாண்டிப் பார்ப்பதில்லை.

டப்பா கால்வாயில் இறங்கி, அதன் சரிவில் வேகம் பிடித்து, ஒரு புதருக்குள் புகுந்து மறைந்தது. என் மதியச் சாப்பாடு எங்கோ ஆழத்தில் 'டங்' என்று விழுந்தது.

புதருக்குப் பின்னால் ஒரு குழி இருந்தது. ஆள் உயரத்துக்கும் மேல். கால்வாய்த் தண்ணீர் அதில் விழுந்து, ரோட்டுக்கு அடியில் குழாய் வழியாக மறுபக்கம் போகும்.

நாங்கள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். மழைச் சத்தம் மட்டும்தான்.

பிறகு எங்கள் காலுக்கு அடியிலிருந்து வந்தது.

டங். டங்.

இரும்பு, சிமென்ட்டில் தட்டும் ஒலி. அவர் அந்தக் குழாய்க்குள் கிடந்தார், அத்தனை பேரும் அவர் தலைக்கு மேலேயே நின்றுகொண்டிருந்தோம்.

"அப்பா!" மகன் புதரைப் பிய்த்துக்கொண்டு குழிக்குள் குதித்தான். அவன் முதுகுக்குப் பின்னாலேயே கால்வாயில் தண்ணீர் வர ஆரம்பித்தது. முதலில் விரல் தடிமன், பார்த்துக்கொண்டிருக்கும்போதே கை அகலம். இன்ஸ்பெக்டர் கயிற்றை வீசினார். நான், போலீஸ்காரர்கள், அண்ணி, எல்லோரும் கால்வாயில் வரிசையாகப் படுத்து உடம்பால் தண்ணீரை மறித்தோம். நாங்கள் அணை கட்டியதில் நனைந்ததுதான் மிச்சம், தண்ணீர் எங்களைத் தாண்டியும் போனது. "சீக்கிரம்டா!" என்று யாரோ அலறினார்கள். அது நான்தான் என்று பிறகு தெரிந்தது.

தண்ணீர் மகனின் மார்பைத் தொட்டபோது கயிறு அசைந்தது. இழுத்தோம்.

ஸ்டுடியோக்காரர் மேலே வந்தார். கால் ஒன்று தவறான பக்கம் திரும்பியிருந்தது. வலது கை முழுக்கக் கொப்புளம். இடது கையில் அந்தக் கிண்ணம், அதைக் கடைசிவரை விடவில்லை. டீச்சர் கையோடு கொண்டுவந்திருந்த டப்பாவைத் திறந்து, அவர் நாக்குக்கு அடியில் மாத்திரையை வைத்தார். நாங்கள் சுற்றி நின்று, அவர் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வெகுநேரம் கழித்துக் கண்ணைத் திறந்தார்.

"ஸ்டார்ட் பண்ணாதடான்னு கத்தினேன்," என்றார். குரலே இல்லை, வெறும் காற்றுத்தான். "கிண்ணத்தால தட்டினேன். உனக்குக் கேக்கல. வண்டி போற சத்தம்தான் எனக்குக் கேட்டுச்சு."

"கேக்கலப்பா. நான்தான்ப்பா... அந்த ரப்பர்..."

"ரப்பரா? அது பழசுடா. வெடிச்சுருச்சு. யாரு மாட்டியிருந்தாலும் வெடிச்சிருக்கும்." வெந்த கையைக் கஷ்டப்பட்டு நகர்த்தி, எதையோ அண்ணி பக்கம் தள்ளிவிட்டார். "உன் மேல ஒரு தப்பும் இல்ல."

அண்ணி அதை எடுத்துத் தன் உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டார். நான் பார்த்துவிட்டேன். ஒன்றோடொன்று ஒட்டிப் பிதுங்கிய இரண்டு வளையங்கள். ஒரு பொய் காதில் விழுந்தால் அதன் வேர்வரை தோண்டாமல் அண்ணி தூங்க மாட்டார். அன்றைக்கு, "ஆமா சார், பழைய ரப்பர்தான்," என்றார். மகன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, முகத்தை மழைக்குக் கொடுத்து நின்றான். வளையம் இரண்டு என்பது மகனுக்கு ஏற்கெனவே தெரியும் என்று அப்பாவுக்குத் தெரியாது.

அவரை ஜீப்பின் பின்பக்கம் படுக்கவைத்தோம். டீச்சர் அவர் தலையை மடியில் தாங்கிக்கொண்டார். பக்கத்தில் சிவப்புக் கட்டையும் இருந்தது. டிரைவர் சாவியைத் திருப்பினார். இன்ஜின் உறுமியது. கை கியருக்குப் போனது.

"தம்பி," என்றது அந்தக் காற்றுக் குரல். "கொஞ்சம் பொறுப்பா. முள் ஏறட்டும்."

டிரைவர் திகைத்து எங்களைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். நான் டீச்சரைப் பார்த்தேன். ஒரு பிரசவ வலியிலிருந்து இன்றுவரை அந்த வார்த்தையைப் பொறுக்காதவர் அவர்.

டீச்சர் கணவரின் நெற்றியில் இருந்த சேற்றைத் துடைத்தார்.

"அவர் சொல்ற மாதிரி செய்யுங்கப்பா," என்றார். "ஏறட்டும்."

எல்லோரும் அந்தச் சின்ன வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். முள் மெதுவாக மேலே ஏறி நின்றது. அப்புறம்தான் ஜீப் கிளம்பியது.